காய விட வேண்டிய பாதி

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்றால் யாரும் படுக்கையில் இல்லை, அவ்வளவுதான். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? அவளுக்கு மசக்கை தீர்ந்ததா? வாய்க்குப் பிடித்ததை வாங்கிக் கொடு, கஞ்சத்தனம் பண்ணாதே.

என்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று சிரிக்காதே. உங்கள் விவசாயத் திட்ட ஆபீஸ் சொன்னபடி வயலில் குட்டை வெட்டும்போது உன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து போன் சேற்றில் விழுந்தது. எடுத்துக் கழுவினார், அதோடு சரி. பக்கத்து வயல்காரரிடம் போன் இருக்கிறது. ஆனால் அவருக்கு நாம் வைத்த 'ரேடியோ' என்ற பெயர் உனக்கு மறந்திருக்காது. ரேடியோ காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலச் செய்தியில் வந்துவிடும். அதனால் கடிதமே போடு. போனில் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

நீயும் உன் மேலாளரும் நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனதிலிருந்து தெருவே எங்கள் பேச்சுதான். மூன்று வருஷமாக இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலும் தானியம் நிறையவில்லை. ஒரு வருஷம் மழை பிந்தியது. அடுத்த வருஷம் மொத்தமும் ஒரே வாரத்தில் கொட்டி மேல்மண்ணை வாரிக்கொண்டு போனது. போன வருஷம் வரவே இல்லை. எங்கள் தானியப் பீப்பாய்க்குள் இப்போது கையை விட்டால் அடித்தகரம்தான் தட்டுப்படுகிறது. அதனால்தான் உன் மாமா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மற்றபடி அவர் எதற்கும் லேசில் மசிகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நேற்று பலகை வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிது. 'மாதிரி வயல்' என்று எழுதியிருக்கிறது. உன் மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இது வயல் இல்லையா, வயல் மாதிரியா?" என்று கேட்டார். நட வந்த பையன்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேல் பாதியில் புது விதை, மண்ணை மூடிப் பரப்புகிற மூடாக்கு, குட்டைத் தண்ணீர், எல்லாம் புரிகிறது. கீழ்ப் பாதியில் நம் பழைய சோளத்தையே போடச் சொல்லிவிட்டு, "அங்க வழக்கம்போல செய்யுங்க" என்றார் உன் மேலாளர். வழக்கம்போல செய்வதற்கு எதற்குப் பலகை? விவரமாக எழுது.

உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு வலியோடு,
அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். அவளுக்கு மசக்கை இன்னும் விட்டபாடில்லை, எலுமிச்சம்பழமும் கையுமாகத்தான் இருக்கிறாள். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குழந்தைகள் படிக்கிறார்களா?

கீழ்ப் பாதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. புது முறை எவ்வளவு நல்லது என்று சும்மா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் பழைய முறையும் இருந்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீ ஒன்றும் யோசிக்காதே, வழக்கம்போல செய்தால் போதும். கீழ்ப் பாதியில் என்ன குறைகிறதோ அதை அலுவலகமே தானியமாகக் கொடுத்துவிடும். மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னதுதானே. மேல் பாதியில் விளைவது முழுக்க உங்களுடையது. ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு அதுவே தாங்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த விதை நல்ல விதை அக்கா. நானே மூன்று இடத்தில் பார்த்துவிட்டுத்தான் உன் வயலைச் சொன்னேன். சீக்கிரம் முதிரும், வறட்சிக்கு அசையாது. எத்தனையோ பேர் கேட்டும் உன் பெயரைத்தான் கொடுத்தேன். எனக்கு இன்னும் இங்கே தற்காலிக வேலைதான். உன் வயல் நன்றாக வந்தால் எனக்கும் ஒரு நல்லது நடக்கலாம். அதை நினைத்து நீ பாரம் ஏற்றிக்கொள்ளாதே.

மாமாவுக்கு என் வணக்கம்.

என்றும் உன் செல்லத் தம்பி

ஆகஸ்டு 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமாவின் முழங்கால் அப்படியேதான், மழை வருமா வராதா என்பதை மட்டும் தப்பாகச் சொல்கிறது. அவளை ஏணி, நாற்காலி மேல் ஏற விடாதே.

விதைத்ததும் நல்ல மழை ஒன்று விழுந்தது. அதோடு வானம் வாயை மூடிக்கொண்டது. ஆனாலும் மேல் பாதியைப் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது. பரப்பி வைத்த தட்டையையும் சருகையும் ஒதுக்கிப் பார்த்தால் அடியில் மண் விரலில் ஒட்டுகிறது. வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு உள்ளே ஈரம். "உன் தம்பி படிச்சதுல இது ஒண்ணாவது உருப்படி" என்று உன் மாமா சொன்னார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

கீழ்ப் பாதியில்தான் நடுவில் சிக்கல் வந்தது. மதியத்தில் இலையெல்லாம் சுருண்டுகொண்டு நின்றது. நீங்கள் வழக்கம்போல செய்யச் சொன்னீர்கள், நாங்களும் வழக்கம்போலவே செய்தோம். விடியற்காலையில் நான், உன் மாமா, பெரியவள் மூன்று பேரும் குடத்தைத் தூக்கிவிடுவோம். குட்டைத் தண்ணீர் மேல் பாதிக்கு என்று சொல்லியிருந்ததால் அதைத் தொடவில்லை. பொதுக் கிணற்றிலிருந்துதான் சுமந்தோம். வேருக்கு ஒரு வாய், வேருக்கு ஒரு வாய் என்று ஊற்றி, தோள்பட்டை கழன்றே போய்விட்டது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடி தூங்குகிறாளாம்.

போகட்டும், பலன் கிடைத்தது. இப்போது இரண்டு பாதியும் பச்சை. அந்தப் பலகை மட்டும் இல்லையென்றால் எது புதிது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது. நீ வந்து பார்த்தால் உன் மேலாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம்.

அன்போடு,
அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அவளுக்குக் கால் லேசாக வீங்குகிறது, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். போன வாரம் நீங்கள் கிணற்றடியில் இருந்த நேரத்தில் மேலாளர் வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார். படத்தில் எது எந்தப் பாதி என்றே தெரியவில்லை. "உங்க அக்கா வயல்ல நம்ம வேலைக்கு என்னதான் அர்த்தம்?" என்று எல்லோரும் இருக்கும்போது கேட்டார்.

அக்கா, தப்பு என்னுடையதுதான். நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தில் 'வழக்கம்போல' என்றால் ஒன்றும் செய்யாமல் மழையை நம்பி விட்டுவிடுவது. குடத்தில் சுமந்து ஊற்றுவது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எழுதி வைத்திருக்கிற வழக்கத்தில் அது இல்லை.

இனிமேல் கீழ்ப் பாதிக்குத் தண்ணீர் வேண்டாம். அது காய வேண்டிய பாதி. கேட்க உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு பருவம்தான். அறுவடை நேரத்தில் நிதி கொடுக்கிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரிந்தால் இன்னும் எத்தனையோ ஊருக்கு இந்த விதை போகும். என் வேலையை நிரந்தரமாக்குவதையும் அதற்குப் பிறகுதான் எடுத்துக்கொள்வார்களாம். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உன் தம்பி

செப்டம்பர் 14

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அவள் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்.

தண்ணீரை நிறுத்திவிட்டோம்.

நீ எழுதியதை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய், நிரப்பி, வரப்பு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றார். ஊற்றவும் இல்லை, திரும்பவும் இல்லை. நான் போய் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தேன்.

நீ மண்ணில் வேலை செய்ததில்லை, அதனால் சொல்கிறேன். பயிர் ஒன்றும் சட்டென்று காய்ந்துவிடாது. காலையில் நிமிர்ந்து பார்க்கும், மதியம் சோரும், சாயங்காலம் கொஞ்சம் தேறும். நாளைக்குப் பிழைத்துக்கொள்ளும் என்று நமக்கு ஆசை காட்டும். அதன் நடுவிலேயே நடந்துபோய் மேல் பாதிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பால்கதிர் பிடிக்கிற நேரம் இது. அந்தப் பாதியில் எத்தனை வேளைச் சாப்பாடு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ரேடியோ வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கையில தண்ணி இருந்தும் கொல்றீங்களே" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? என் தம்பிக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்றா?

அப்பா நம் இரண்டு பேரையும் இப்படித்தான் வளர்த்தார் என்று நேற்றுத் தோன்றியது. உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வரப்பு. வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, வேண்டுமென்றால் வந்து படம் எடுத்துக்கொள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. இருக்கட்டும்.

அக்கா

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவளும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், பயண ஏற்பாடு, அறிக்கை என்று ஒரே அலைச்சல். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

புதுப் படம் வந்திருக்கிறது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இப்போது பளிச்சென்று தனித்தனியாகத் தெரிகின்றன. மேலாளர் அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டார். படத்தின் ஓரத்தில் மாமாவின் முதுகு தெரிகிறது.

ஒரு முக்கியமான விஷயம். நிதி கொடுக்கிற விருந்தினர்கள் இந்த மாதம் 26-ஆம் தேதி வருகிறார்கள். அதுவரைக்கும் மேல் பாதியில் கதிர் அறுக்க வேண்டாம். புது ரகம் சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று தெரியும், ஆனாலும் அவர்கள் நின்ற பயிரைப் பார்க்க வேண்டும், அவர்கள் முன்னால்தான் அளக்க வேண்டும். பறவைக்கு வலை கட்டாதே, படத்தில் நன்றாக இருக்காது என்கிறார்கள். கொஞ்சம் நாள்தானே, எனக்காகப் பொறுத்துக்கொள். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி

அக்டோபர் 17

தம்பிக்கு,

சுகம். சின்னவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கத்திக் கத்தித்தான்.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு வயலில்தான் கதிர் நிற்கிறது. அதனால் உலகத்தில் இருக்கிற குருவியெல்லாம் எங்கள் விருந்தாளி. உங்களுடையவர்கள் தேதி சொல்லிவிட்டு வருகிறார்கள், இவை சொல்லாமல் வருகின்றன. நான் ஒரு மூலையில் தகரம் தட்டுகிறேன், உன் மாமா ஒரு மூலையில், சின்னவன் நடுவில். வலை போட்டால் படம் கெட்டுவிடும். படத்துக்கு அழகாக நாங்களே வலையாக நிற்கிறோம்.

பெரியவளை என் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம். அங்கிருந்து பள்ளிக்கூடம் பக்கம். வேறொன்றும் இல்லை. அவள் போகமாட்டேன் என்றுதான் அழுதாள்.

தானியம் முதிர்ந்துவிட்டது. பல்லில் வைத்துக் கடித்தேன், நறுக்கென்று உடைகிறது. விதையைக் குறை சொல்லவே மாட்டேன், நீ சொன்னது அத்தனையும் நிஜம். இவ்வளவு கனமான கதிரை நான் என் கையில் பிடித்ததில்லை. நேற்று நாலு கதிர் கிள்ளி வந்து வறுக்கலாம் என்று போனேன். உன் மாமா, "அளக்கறப்ப குறையும், அவனுக்குக் கெட்ட பேரு" என்றார். வைத்துவிட்டேன்.

மேற்கே மேகம் சேருகிறது. பருவம் தப்பிய மேகம். முதிர்ந்த சோளம் மழையில் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும், கறுத்தும் போகும். உங்கள் ஆபீஸில் மழை எப்போது வரும் என்று முன்னாலேயே தெரியுமாமே, விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்புகிறீர்களாமே. கேட்டுச் சொல். வரும் என்றால் நாளைக்கே அறுத்துவிடுகிறேன். ஒரு மூலையை மட்டும் உங்களுக்காக விட்டு வைக்கிறேன், அதை வந்து பார்க்கட்டும்.

இந்த ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடு.

அக்கா

அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். விருந்தினர்களின் பயணம் தள்ளிப்போய் நவம்பர் 4 என்று முடிவாகியிருக்கிறது. அதுவரைக்கும் முழு வயலும் நிற்க வேண்டும். மூலையை மட்டும் விடுவது சரிவராது என்று மேலாளர் சொல்கிறார். இவ்வளவு நாள் காத்தாய், இன்னும் கொஞ்சம். மூடுவதற்குத் தார்ப்பாய் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் அனுப்புகிறேன்.

சின்னவனுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். அன்றைக்கு நானும் வருவேன், நேரில் பேசலாம்.

உன் தம்பி

நவம்பர் 20

தம்பிக்கு,

அவள் சுகமா? நாள் நெருங்கிவிட்டது, தனியாக விட்டுவிட்டு எங்கும் போகாதே.

நீ வந்து போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு விருந்தாளி அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சின்னதாக ஒரு சதுரம் கயிறு கட்டி அறுத்தீர்கள், தராசில் வைத்தீர்கள், உன் மேலாளர் என்னவோ சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கீழ்ப் பாதியைக் காட்டி நீ விளக்கம் கொடுத்தாய். "விவசாயிங்க வழக்கமா இப்படித்தான் விட்டுடுவாங்க" என்றாய். உன் மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் தோளில் குடம் தேய்த்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. உனக்கு அவர் பக்கம் திரும்பவே நேரமில்லை.

கிளம்பும்போது உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மழை வருமாடா?" என்று கேட்டேன். நீ உன் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கே அறுக்க ஆரம்பிச்சிடுக்கா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். வண்டியில் ஏறுகிறவர்களுக்கு நீ குடை பிடித்தபோதே தூற்றல் தொடங்கிவிட்டது. அரிவாளோடு இறங்கினோம். இரண்டு கட்டு வீடு வந்தது, அதற்குள் அடித்து ஊற்றியது. வாரம் பூராவும் விடவில்லை. காற்று வேறு, பயிர் முழுக்கப் படுத்துவிட்டது. வெயில் வந்ததும் போய்ப் பார்த்தால் கதிரிலேயே பச்சையாக முளை விட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்க அதுவும் அழகாகத்தான் இருந்தது.

முளைத்ததைக் காயவைத்து அரைத்துப் பார்த்தேன். கசக்கிறது. சின்னவன் வாயில் வைத்துத் துப்பிவிட்டான், பிறகு பசி பொறுக்காமல் அதையே தின்று வயிற்று வலி.

ரேடியோ முந்தாநாள் வந்தார். மழை வருகிறது, முதிர்ந்த பயிரை உடனே அறுங்கள் என்று அவர் போனுக்கு நவம்பர் முதல் தேதியே செய்தி வந்ததாம். அனுப்பியது உங்கள் ஆபீஸ். "உன் தம்பிதானே அங்க இருக்கான், உனக்குத் தெரியாமலா இருக்கும்னு நான் சொல்லலைம்மா" என்கிறார். வாழ்க்கையில் அந்த ஒரு செய்தியைத்தான் அவர் யாருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நீ அவர் எண்ணுக்கு ஒரு தடவை அழைத்திருந்தால் தெருவே கேட்டிருக்கும். கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது, கதிர் வீட்டுக்குள் இருந்திருக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

பஞ்ச நிவாரணத் தானியத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை என்று உன் ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை எழுதிக் கொடு. கீழ்ப் பாதிக்குத் தருகிறோம் என்ற தானியத்தையும் அனுப்பச் சொல். அடுத்த விளைச்சல் வரைக்கும் எங்களுக்கு வேறு வழி இல்லை தம்பி.

அக்கா

டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். மூக்கு அப்படியே உன்னுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வாரமே வேலை நிரந்தரமான உத்தரவும் வந்தது. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம், ஆனால் காரணம் அது இல்லை.

நீ கேட்டதை இரண்டு தடவை மேலாளரிடம் எடுத்துப்போனேன். கீழ்ப் பாதியில் குறைந்ததை மேல் பாதியில் அளந்த விளைச்சலோடு சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். சேர்த்துப் பார்த்தால் மொத்த வயலிலும் முன்பு விளைந்ததைவிட அதிகம் வருகிறது. அதனால் இழப்பு என்று ஒன்றும் இல்லை என்கிறார். நிவாரணத்திலும் சிக்கல். அறிக்கையில் உங்களைத் தன்னிறைவு அடைந்த பயனாளிக் குடும்பம் என்று எழுதி, அது மேலே போய்விட்டது. இப்போது இல்லை என்று எழுதினால் முன்பு எழுதியது பொய் என்றாகும். எழுதியவன் நான்.

ஜனவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் சரிபார்க்க வருவார். வயலில் விளைந்ததா என்று உன்னிடம் கேட்பார். விளைந்தது என்று சொன்னால் போதும். உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை அக்கா. விளைந்தது உண்மைதானே. வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது அவர்கள் கேள்வியில் இல்லை. நீ வேறு மாதிரி சொன்னால் என் நிலைமை என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. கையில் பச்சைக் குழந்தை இருக்கிறது.

அந்த மழை விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். மாமாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்.

உன் தம்பி

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய கள அலுவலர் அவர்களுக்கு,

பெண் குழந்தை பிறந்ததில் சந்தோஷம். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டச் சொல்லுங்கள். கண்ணில் சோப்பு படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது நிரந்தர அதிகாரி, அதனால் 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. அனுப்பிய பணம் இதே உறையில் திரும்பி வருகிறது. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

போன வாரம் உங்கள் தலைமை அலுவலகத்துக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரேடியோவும் தெருவில் பாதிப் பேரும் வாசலில் நின்றார்கள். "வயல்ல விளைஞ்சுதாம்மா?" என்று கேட்டார். "விளைஞ்சுது" என்றேன். "நல்லா விளைஞ்சுதா?" என்றார். "அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்றேன். உன் மாமா, இல்லை, என் வீட்டுக்காரர், எழுந்து வெளியே போய்விட்டார். வந்தவர் எழுதிக்கொண்டு, "சந்தோஷம்மா" என்று எழுந்தார். நிவாரணத்துக்கு எங்கள் பெயர் இல்லை என்பது அத்தோடு முடிவானது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அவர் வண்டி போன பிறகு வாசலில் நின்றவர்களுக்கு மிச்சத்தையும் சொன்னேன். விதை நல்ல விதை, மூடாக்கு நல்ல வேலை, குட்டையும் நல்லது, எல்லோரும் போடுங்கள் என்றேன். கதிர் முதிர்ந்தால் அன்றைக்கே அறுத்துவிடுங்கள், யார் வருகிறார்கள் என்றாலும் நிற்காதீர்கள் என்றேன். மழைக்கு முன்னால் வந்த அந்த இரண்டு கட்டில் முளைக்காத மணி கொஞ்சம் இருந்தது. விதைக்கென்று அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அதை அவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். கட்டிட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், புருஷன் பெண்டாட்டியாகப் போனால் தங்க இடமும் தருவார்களாம். சின்னவனைக் கூட்டிப்போகிறோம். பெரியவள் நாத்தனார் வீட்டிலேயே இருப்பாள். வயலை யாரும் குத்தகைக்குக் கேட்கவில்லை, சும்மா கிடக்கும். போகிற இடத்தின் விலாசம் எனக்கே இன்னும் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

வந்தவர் நிறையக் கேட்டார். எத்தனை உழவு, எத்தனை களை, என்ன உரம் என்று எல்லாம் கேட்டார். ஒரு வீட்டுக்குள் வந்தால் யாரும் முதலில் கேட்கிற கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று அவர் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன், உங்கள் வேலை போயிருக்கும். நீங்கள் எழுதிய கடிதங்களை நேற்று எல்லாம் எடுத்துப் படித்தேன். நீங்களும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பயனாளி